செங்கம்பளத்து ஆடை யாருடைய தெரிவு?

ஒஸ்கார் விழாப் படங்களைப் பார்த்துவிட்டு, "அவளுடைய ரசனையே தனி" என்று வகுப்பில் பேசிக்கொள்கிறோம். அந்த ரசனை பெரும்பாலும் அவளுடையதல்ல என்பதே என் கருத்து. ஆடைகளைத் தேடிக் கொண்டுவருபவர் ஒரு ஸ்டைலிஸ்ட். அவருக்குரிய சம்பளத்தைப் பல வேளைகளில் படக் கம்பனியே கொடுக்கிறது. ஆடையோ இரவல், விழா முடிந்ததும் வடிவமைப்பு நிறுவனத்துக்கே திரும்பிவிடும்.

2013இல் சிறந்த நடிகை விருதைப் பெறப் போகையில் படியில் இடறி விழுந்தாரே ஜெனிபர் லோரன்ஸ், அவர் உடுத்திருந்தது டியோர் கவுன். அப்போது அவர் டியோரின் விளம்பர முகம். அன்றிரவு வேறொரு நிறுவனத்தின் ஆடை அவருக்குப் பிடித்திருந்தால்? பெருநாள் உடுப்புக்காகக் கடையில் உம்மாவோடு வாதாடும் எனக்குள்ள சுதந்திரம்கூட அவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

தாமே தெரிவு செய்தவர்களும் உண்டு. 1989இல் டெமி மூரும் 1990இல் கிம் பேசிங்கரும் தாங்களே வடிவமைத்த ஆடைகளில் ஒஸ்காருக்கு வந்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. 'மிக மோசமான ஆடைகள்' என்ற பட்டியல்களில் அவை இன்னும் வருகின்றன. அவற்றைப் போனில் பார்த்து நாங்களும் சிரிக்கிறோம்.