ஹெப்பகோடி மொட்டைமாடிக்கு எது ஏற்றது: கேமரா லென்ஸா, சிறு தொலைநோக்கியா?

விண்மீன்களைப் படமெடுக்க விரும்பும் மாணவர் முன் எழும் முதல் வினா இது: கைவசமுள்ள கேமராவுக்கு நல்ல லென்ஸ் ஒன்றை வாங்குவதா, அந்தத் தொகைக்குச் சிறு தொலைநோக்கி வாங்குவதா? தொலைநோக்கியே அறிவியல் கருவி, லென்ஸோ திருமணப் படங்களுக்கு உரியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. மின்னணு நகரத்தின் ஒளியிலும் பொம்மசந்திராத் தொழிற்பேட்டையின் ஒளியிலும் நனைந்திருக்கும் ஹெப்பகோடியில் இவ்வெண்ணம் மறு ஆய்வுக்கு உரியது.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 135 மி.மீ. குவியத் தூரமும் எஃப்/2 திறப்பும் கொண்ட லென்ஸின் விட்டம் 67 மி.மீ.; பரவலாக விற்கப்படும் சிறு தொலைநோக்கியின் விட்டமும் 60 மி.மீ. அளவே. ஒளியைத் திரட்டுவதில் இரண்டும் ஏறத்தாழ நிகர். வேறுபாடு குவியத் தூரத்தில் உள்ளது. 4 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவில், 135 மி.மீ. லென்ஸ் ஒரு பிக்சலுக்கு 6 வில்விநாடி வானத்தையும், 360 மி.மீ. தொலைநோக்கி 2.3 வில்விநாடியையும் பதிக்கும். ஏபிஎஸ்-சி சென்சாரில் முன்னதன் காட்சிப்புலம் 10 பாகை அகலம். பின்னதன் அகலம் 3.7 பாகை.

இனி இடம். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. இலண்டனில் துருவ விண்மீன் 51 பாகை உயரத்தில் நிற்கிறது. ஹெப்பகோடியில் 13 பாகையில். அடுக்குமாடிகளும் தொடுவானப் புழுதியும் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். துருவ விண்மீன் தெரியாவிடில், வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கியின் அச்சைத் துல்லியமாக நிறுத்துவது கடினம். அச்சுப் பிழை அதே அளவில் இருக்க, படத்தில் விண்மீன் இழுபடுவது குவியத் தூரத்துக்கு ஏற்பப் பெருகும். லென்ஸ் 80 விநாடி தாங்கும் இடத்தில் தொலைநோக்கி 30 விநாடியே தாங்கும். வடக்கு நாடுகளில் சிறிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு, இங்கே ஓர் இரவு பயன்படுமா வீணாகுமா என்பதையே முடிவு செய்யும்.

ஒளி மாசு மற்றொரு தடை. மங்கிய விண்முகில்களை நகர வானம் விழுங்கிவிடுகிறது. எக்கருவியும் அதை முழுதாக ஈடுசெய்யாது. ஆனால் நகர வானிலும் பிழைத்திருக்கும் அறிவியல் உண்டு. 2020 பிப்ரவரியில் திருவாதிரை விண்மீன் வழக்கத்துக்கு மாறாக மங்கி, பெல்லாட்ரிக்ஸுக்கு ஏறத்தாழ நிகரான ஒளியளவுக்கு இறங்கியது. அவ்விரண்டுக்கும் இடையே 7.5 பாகை. 135 மி.மீ. லென்ஸின் ஒரே சட்டகத்தில் இரண்டும் அடங்கும், ஒப்பிட்டு அளக்கலாம். மேற்சொன்ன தொலைநோக்கியில் அடங்கா. பொலிவான மாறொளி விண்மீன்களை அளப்பதற்கு அகன்ற புலமே தேவை. குவியத்தைச் சற்றே விலக்கி, பிக்சல்கள் நிறைந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் மொட்டைமாடியே போதும்.

லென்ஸைத் தாழ்த்தி மதிப்பவர்கள் இரு திட்டங்களை அறிய வேண்டும். அரிசோனாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இயங்கிய கெல்ட் ஆய்வின் கருவி, 42 மி.மீ. திறப்புள்ள மாமியா கேமரா லென்ஸ். 2017இல் அறிவிக்கப்பட்ட கெல்ட்-9பி என்னும் புறக்கோள் அதன் வழியே அகப்பட்டது. அதன் பகற்புறம் பல விண்மீன்களைவிடச் சூடானது. பீட்டர் வான் டோக்கமும் ராபர்ட்டோ ஆபிரகாமும் உருவாக்கிய டிராகன்ஃபிளை, கேனான் 400 மி.மீ. லென்ஸ்களை ஒரே திசை நோக்கி இணைத்த அமைப்பு. கண்ணாடித் தொலைநோக்கிகளில் சிதறும் ஒளி லென்ஸில் குறைவு என்பதே அத்தேர்வின் காரணம். 2015இல் கோமா கொத்தில் மிகப் பரவலான விண்மீன் திரள்கள் 47ஐ அது காட்டியது.

தொலைநோக்கிக்கு உரிய இடத்தையும் மறுக்கலாகாது. வளையங்களோடு 40 வில்விநாடி அகலமுள்ள சனிக்கோள், 135 மி.மீ. லென்ஸில் ஆறேழு பிக்சல்களுக்குள் ஒடுங்கிவிடும். நிலவின் பள்ளங்கள், இரட்டை விண்மீன்கள், கோள்கள் ஆகியவற்றுக்கு நீண்ட குவியத் தூரம் இன்றியமையாதது. கண்ணால் பார்க்கும் இன்பமும் தொலைநோக்கியிலேயே கிட்டும். அவற்றையே நாடுவோர் அதை வாங்குவதே முறை.

ஏனையோருக்கு, குறிப்பாக ஒரே ஒருமுறை செலவழிக்க இயலும் மாணவருக்கு, முதற்செலவு பின்தொடரும் தாங்கிக்கு, அடுத்தது லென்ஸுக்கு என்பதே தக்க வரிசை. அவ்விரண்டும் ஒரு தோள்பையில் அடங்கும். ஒளி மாசிலிருந்து விலகி வைணு பாப்பு தேர்ந்த காவலூர், ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. அமாவாசையை ஒட்டிய வார இறுதிகளில் அத்தகைய மலைப்பகுதிக்குப் பேருந்தில் எடுத்துச் செல்லத்தக்க கருவி, மாடியில் உறை மூடிக் கிடக்கும் பெரிய கருவியைவிட மிகுதியான வானத்தைக் காணும். கல்லூரிகளும் கொள்முதல் பட்டியலில் "தொலைநோக்கி ஒன்று" என எழுதுமுன், அதைக் கொண்டு மாணவர் எதை அளக்கப் போகிறார் என்று கேட்க வேண்டும்.