வாடகை வீடும் முதல் கேள்வியும்

வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் வீட்டுக்காரர் கேட்கத்தக்கவை சில உண்டு. என்ன வேலை, குடும்பத்தில் எத்தனை பேர், வாடகை எந்தத் தேதியில் கைக்கு வரும், முன்பணம் எவ்வளவு தர இயலும் என்பன அவை. நம் பகுதியில் இவையெல்லாம் பிறகுதான் கேட்கப்படுகின்றன. முதலில் எழுவது வேறொரு கேள்வி. ‘சொந்த ஊர் எது?’ என்று அது தொடங்கும். ‘அங்கே எந்தத் தெரு?’ என்று தொடரும். அதிலும் விளங்காவிட்டால், ‘தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?’ என்று முடியும். இக்கேள்வியைக் கேட்பவர்களுள் நாள்தோறும் செபமாலை சொல்லும் கத்தோலிக்கரும் உளர் என்பதே இதை எழுதக் காரணம்.

களமருதூர் போன்ற சிற்றூரில் ‘வீடு வாடகைக்கு’ என்னும் பலகையைக் காண்பது அரிது. தேநீர்க் கடையிலும் மளிகைக் கடையிலும் சொல்லி வைத்துத்தான் தேட வேண்டும். பல வேளைகளில் கடைக்காரரே வீட்டுக்காரரின் சார்பில் அந்த முதல் கேள்வியைக் கேட்டு முடித்துவிடுவார். பெருநகரில் ஒரு கதவு மூடினால் அடுத்த தெருவில் இன்னொரு கதவு இருக்கிறது. சிற்றூரில் காலியாயிருப்பதே நாலைந்து வீடுகள். ஒருவர் மறுத்த செய்தி பொழுது சாய்வதற்குள் மற்றவர்களை எட்டிவிடும். மறுப்பும் நேராக வருவதில்லை. ‘மகள் குடும்பம் வருகிறது’ என்பார்கள். ‘வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது’ என்பார்கள். அடுத்த மாதமும் அவ்வீட்டில் பூட்டே தொங்கும்.

வீடு தேடி வருபவர்கள் யார்? ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர். கிராம நிர்வாக அலுவலர் தாம் பணிபுரியும் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்பது அரசு விதி; அவருக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று ஊருக்கு எந்த விதியும் இல்லை. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. அலுவலகங்கள் பெருகப் பெருக வெளியூரார் வருகையும் பெருகுகிறது. கல்வராயன் மலையிலிருந்து, மலையாளி எனப்படும் பழங்குடியினரின் பிள்ளைகள் படிப்புக்காகச் சமவெளிக்கு இறங்கி அறை தேடுகிறார்கள். இவர்கள் எல்லாரையும் வரவேற்கும் வாயிலில் நிற்பது அந்த ஒரே கேள்விதான்.

‘வீடு என்னுடையது, யாருக்குக் கொடுப்பது என்பது என் விருப்பம்’ என்று சிலர் வாதிடுகின்றனர். நீங்கள் குடியிருக்கும் வீட்டைப் பற்றி அப்படிச் சொல்லலாம். பணம் பெற்றுக்கொண்டு பிறருக்கு விட முன்வந்த வீட்டைப் பற்றியுமா சொல்வது? உங்கள் தாயாருக்கு ஊசி போடும் செவிலியரின் கை தீட்டில்லை. அவர் உங்கள் பின்கட்டில் அடுப்பு மூட்டினால் மட்டும் தீட்டாகிவிடுகிறதா? வேறு சிலர், ‘எனக்கு ஒன்றுமில்லை சாமி, ஊர் ஒத்துக்கொள்ளாது’ என்கிறார்கள். இந்த ஊர் என்பவர் யார் என்று நானும் விசாரித்துப் பார்க்கிறேன். கேட்கும் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைத்தான் காட்டுகிறார்கள்.

வாடகை தராதவரும் காலி செய்ய மறுப்பவரும் உண்டு. இது மெய்யான அச்சமே. அதற்கு மருந்து ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிந்தாக வேண்டும் என்பதால்தான் பதினொரு மாத ஒப்பந்தம் வழக்கத்துக்கு வந்தது. நகர்ப்புறங்களுக்கெனத் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் அது கூறுகிறது. நம் சிற்றூர்களிலோ பெருந்தொகை கைமாறும் போக்கியத்துக்குக்கூட வாய்ச்சொல்லே பத்திரமாகிவிடுகிறது. ஒரு தாள் எழுதி வாங்கச் சோம்பும் வீட்டுக்காரர், சாதியை விசாரிக்க மட்டும் மூன்று ஊருக்கு ஆள் அனுப்புகிறார்!

தீண்டாமை காரணமாக ஒருவர் ஓர் இடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தன் நான்காம் பிரிவில் கூறுகிறது. ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் மகள் வருகையையும் வெள்ளையடிப்பையும் எந்த நீதிமன்றத்தில் பொய்யென்று நிறுவுவது? 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதனினும் கடுமையானது. எனினும் தலித் கிறிஸ்தவர் அதன் காப்புக்கு வெளியே நிற்கிறார். 1950 ஆகஸ்ட் 10இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியல் சாதியினராக ஏற்கவில்லை. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றளவும் சேர்க்கப்படவில்லை. கிறிஸ்தவர் என்று சொல்லிச் சட்டம் அவரைத் தள்ளுகிறது. தலித் என்று சொல்லிக் கிறிஸ்தவ வீட்டுக்காரர் தள்ளுகிறார். ஆகஸ்ட் 10ஆம் நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து, ஆணையைத் திருத்துமாறு அரசிடம் கோருகிறோம். கோரிக்கை நியாயமானது. அவ்வூர்வலத்தில் நம்மோடு நடந்தவர் மறுநாள் நம் வீட்டைக் கேட்டு வந்தால் என்ன சொல்வோம்?

திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. நம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச் 9 அன்று, ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களிடையே மூண்ட மோதலில் காவல்துறையினர் சுட்டு இருவர் மாண்டனர். அத்தீயை மூட்ட வேற்று மதத்தார் எவரும் வரவில்லை. கோவிலில் சேர்ந்து இருக்க இயலாதவர்கள் ஒரே தெருவில் எப்படிச் சேர்ந்து வாழ்வார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நான் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்: ஒரே தெருவில் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளை ஒன்றாய் விளையாடவிட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி கொடுத்துப் பழகாதவர்கள் கோவிலில் எங்ஙனம் சேர்வார்கள்?

திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். உரோமைக்கு வந்து சேர்ந்த புனித பவுல் ஈராண்டு தங்கியது வாடகை வீட்டில். தம்மிடம் வந்த அனைவரையும் அங்கே வரவேற்றார். கையில் விலங்கு, காவலுக்குப் படைவீரர், அயல்நாட்டார், வழக்கு நிலுவையில். நம் ஊர் வீட்டுக்காரர் எவரும் இப்படிப்பட்ட ஒருவருக்கு வீடு விடுவாரா? அங்கே ஒருவர் விட்டார். அவர் பெயரை விவிலியம் சொல்லவில்லை.

குருக்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. பங்குக்குச் சொந்தமான வீடுகளும் கடைகளும் யார் யாருக்கு விடப்பட்டிருக்கின்றன என்பதைப் பங்குப் பேரவையில் வெளிப்படையாக வாசிக்க வேண்டும். ஒரே உறவுமுறையார் கையிலேயே அவை சுற்றிவருமானால் பீடத்திலிருந்து நாங்கள் செய்யும் மறையுரையை யார் நம்புவார்? அன்பியங்கள் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். தத்தம் பகுதியில் காலியாயுள்ள வீடுகளை ஏட்டில் குறித்து வைப்பதே அது. தெரு, அறைகள், வாடகை, முன்பணம் ஆகிய நான்கும் போதும். வருபவரிடம் அந்த ஏட்டைக் கொடுத்துவிடலாம். பள்ளிகள் திறக்கும் முன்னரே மாறுதல் ஆணையோடு ஆசிரியர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே மே மாதத்துக்குள் ஏடு ஆயத்தமாக இருக்கட்டும். அதன் முதல் பக்கத்தில் பங்குக்குச் சொந்தமான வீடுகள் இடம்பெறட்டும்.