யாருடைய யுத்தம்?

1939 செப்டம்பர் 3ந் தேதி, "ஜெர்மனியோடு சண்டைக்குப் போகலாமா?" என்று ராஜபாளையத்து ஆலைத் தொழிலாளியையோ ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளியையோ யாரும் கேட்கவில்லை. மாகாணங்களில் பதவியிலிருந்த மந்திரிகளையே கேட்கவில்லை! வைஸ்ராய் லின்லித்கோ ஓர் அறிக்கை விட்டார். இந்தியா யுத்தத்தில் இறங்கிவிட்டது.

அந்த யுத்தங்களில் நம்மவர் காட்டிய வீரத்தைப் பற்றி இன்று சிலர் பெருமை பேசுகிறார்கள். வீரத்தை நாம் மறுக்கவில்லை. வயிற்றுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்த ஏழை விவசாயியின் மகனை நாம் பழிக்கவும் மாட்டோம். அவனை அனுப்பியவர்களைப் பற்றித்தான் நமது கேள்வி.

1914-18 யுத்தத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து போனார்கள். எழுபதினாயிரத்துக்கு மேல் மாண்டார்கள். சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். போதாதென்று 1917இல் 10 கோடி பவுனை பிரிட்டனுக்கு இந்தியாவின் 'நன்கொடை'யாக எழுதிவைத்தார்கள். கைம்மாறாக 1919இல் கிடைத்தவை ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும்.

இரண்டாவது யுத்தத்தில் சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் ஊர் ஊராக யுத்த நிதி திரட்டினார். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அன்று ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. அதே ஜில்லாவின் விருதுநகர்க்காரரான காமராஜ், நிதி கொடுக்காதீர்கள் என்று பேசினார். 1940 டிசம்பரில் குண்டூரில் கைது. பிறகு வேலூர் சிறை. உள்ளே இருக்கும்போதே 1941இல் விருதுநகர் நகரசபை அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கவர்னருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

நிதி கொடுக்காதவனும் யுத்தத்துக்குப் பணம் கட்டினான் என்பதுதான் விஷயம். பிரிட்டன் இங்கே துணியும் தானியமும் வாங்கியது. விலையை லண்டன் கணக்கில் கடனாக எழுதிக்கொண்டது. இங்கே நோட்டு அச்சடித்தார்கள். யுத்தம் முடியும்போது அந்தக் கடன் 130 கோடி பவுன் அளவுக்கு ஏறியிருந்தது. நோட்டு பெருகியது, பண்டம் குறைந்தது, விலை ஏறியது. பட்டாளத்துக்குத் துணி போக, கைத்தறிக்காரன் நூலுக்கு அலைந்தான். கரிசல் பருத்தி நம்முடையது, 1936இல் நிறுவப்பட்ட ராஜபாளையம் ஆலையில் நூற்ற கையும் நம்முடையது; ஆனால் நூல் யாருக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. வங்காளத்தில் 1943இல் சுமார் 30 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள்.

ஹிட்லரை முறியடிக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் பாசிசத்தை எதிர்த்ததாகச் சொன்ன அதே பிரிட்டன், 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் என்ன செய்தது? பிரெஞ்சுக்காரர் மறுபடி நாற்காலியில் ஏற, இந்தியச் சிப்பாய்களை சைகோனுக்கு அனுப்பியது. டச்சுக்காரருக்காக சுரபயாவில் இந்தோனேசியர் மீது சுட வைத்தது. அடிமையின் கையில் துப்பாக்கி கொடுத்து இன்னோர் அடிமையைச் சுடச் சொன்னார்கள்!

அப்படி அனுப்பப்பட்டவர்களில் சில நூறு பேர் முகாமை விட்டு இந்தோனேசியர் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். நமது பள்ளிப் புத்தகங்களில் அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.