புத்தளத்துப் புகைவண்டியில் ஒரு பகல்

கரையோரப் புகைவண்டி என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது காலிப் பாதையே. அலைகள் தண்டவாளத்தைத் தொட்டுவிடுமோ என அஞ்சுமளவுக்கு அது கடலோடு உறவாடிச் செல்கிறது. வடக்கு நோக்கிச் செல்லும் புத்தளப் பாதை அத்தகையதன்று. கடலுக்கு அணித்தே ஓடினும் அது கடலைக் காட்டுவதில்லை. தென்னையும் ஆறும் வயலும் குளமுமே சாளரத்தை நிறைக்கின்றன. ஆதலின் உல்லாசப் பிரயாணிகள் இதனை நாடுவது குறைவு. என் அபிப்பிராயத்தில் அது நமக்கு இலாபமே. இருக்க இடம் கிடைக்கிறது. உடன் வருவோர் அந்த மண்ணின் மாந்தராகவே இருக்கின்றனர்.

றாகமையிற் கிளைக்கும் இப்பாதை 1909இல் நீர்கொழும்பையும், 1916இல் சிலாபத்தையும், 1926இல் புத்தளத்தையும் எட்டியது. அதற்கு முன் இக்கரையின் கொப்பறாவும் உப்பும் ஒல்லாந்தர் கால்வாய் வழியே படகிலேறிக் கொழும்பு சென்றன. புகைவண்டி வந்தபின் படகுகள் மறைந்தன. கால்வாய் மட்டும் தென்னந்தோப்புகளூடே இன்றும் கிடக்கிறது.

சென்ற பயணத்தில் என்னுடன் மாணவர் அறுவர் வந்தனர். அவர்களுக்கு நான் இட்ட வேலை ஒன்றே: நிலையங்களின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். கொச்சிக்கடை கடந்து மகா ஓயாப் பாலத்தில் வண்டி ஏறியதும் புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. ஆற்றங்கரைக் களிமண்ணால் ஓடு சுடும் சூளைகள் வைக்காலில் உள்ளன. பின்னர் வரும் லுணுவிலையில் தெங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தென்னை முக்கோணம் என்று பாடப் புத்தகத்தில் மனனம் செய்த பிள்ளைகள் அதன் நடுவே ஒரு மணி நேரம் ஓடிய பின்னரே அச்சொல்லின் பொருளை உணர்ந்தார்கள்.

வைக்காலில் ஏறிய மூதாட்டி ஒருவர் எங்களெதிரே அமர்ந்தார். கழுத்திலே செபமாலை, மடியிலே மீன்கூடை. அருகிருந்த பேரனிடம் அவர் தமிழிற் பேசினார். அவன் சிங்களத்தில் விடையிறுத்தான். இருவரும் ஒருவரையொருவர் நன்கு விளங்கிக்கொண்டனர். இக்கரையின் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல தமிழ் பேசியவை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாடசாலைகள் சிங்கள மொழிக்கு மாறவே, தமிழ் வீட்டுக்குள்ளும் வள்ளத்துக்குள்ளும் ஒதுங்கிற்று. மாணவன் ஒருவன், "ஆச்சி, அந்தப் பலகையை வாசிப்பீர்களா?" என்று வினவினான். "சிங்களத்தில் வாசிப்பேன் தம்பி. தமிழ் வாயில்தான் இருக்கு, கண்ணில் இல்லை" என்றார் அவர். பின்னர் தம் பெயரைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். எழுதிய தாளைச் சற்று நேரம் பார்த்திருந்து, மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு சிலாபத்தில் இறங்கினார். பேரன் "ஆச்சி" என்றழைத்தபடி கூடையைச் சுமந்து சென்றான். அச்சொல் இரு மொழிக்கும் பொதுவானது.

ஒரு பகலில் யாவற்றையும் பார்த்துவிட எண்ணுவோர் ஒன்றையும் பாரார். சிறுவரோடு செல்லும் குடும்பத்தினர் சிலாபத்திலேயே இறங்கி முன்னேசுவரத்தைத் தரிசித்துத் திரும்புவது நன்று. பஞ்ச ஈசுவரங்களுள் ஒன்றான இத்தலத்துக்குக் கோட்டையரசன் ஆறாம் பராக்கிரமபாகு நிலமளித்ததைக் கல்வெட்டொன்று கூறும். போர்த்துக்கேயர் இடித்த கோயிலைப் பதினெட்டாம் நூற்றாண்டிற் கண்டியரசன் கீர்த்திசிறீ இராசசிங்கன் மீள எடுப்பித்தான். ஆவணித் திருவிழாவில் சிங்கள பௌத்தரும் திரளாக வந்து வடிவாம்பிகை சந்நிதியில் அருச்சனைத் தட்டோடு நிற்பர்.

சிலாபத்துக்கு அப்பால் தெதுறு ஓயாவைக் கடந்ததும் காட்சி மாறுகிறது. அநவிலுந்தாவ என்ற பெயரை மாணவர் எவராலும் பிரிக்க முடியவில்லை. 'ஆனைவிழுந்தான்' என்று நான் சொன்னதும் பெட்டி முழுவதும் சிரிப்பு. பெயர் நகைப்புக்குரியதாயினும் இடம் அரியது. பண்டைக் காலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்த குளத்தொடர் இங்குண்டு. மேற்குளத்து நீர் கீழ்க்குளத்துக்கு இறங்கி, வயலுக்குப் பாய்ந்து, ஈற்றிற் கண்டற்காட்டை அடைகிறது. 2001இல் இது றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆயினும், இதன் சுற்றுப்புறங்களில் 1980களிற் பரவிய இறால் வளர்ப்பு கண்டல்களை அழித்தது. 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கவே பண்ணைகள் பல கைவிடப்பட்டன. உப்புப் பூத்த வெறுங்குழிகளை முந்தல் வரை ஆங்காங்கே காணலாம். உடனடி ஆதாயம் தேடி வெட்டிய காடு மீண்டும் தழைக்க ஒரு தலைமுறை வேண்டும். இன்று அங்கு கண்டல் நடுவோர் அதனை அறிவர்.

பத்துளு ஓயாவிலிருந்து மேற்கே சென்றால் உடப்பு. இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தோரின் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் தமிழ் மீனவரின் ஊர் அது. கரைவலை இழுக்கையில் அவர்கள் பாடும் அம்பாப் பாட்டு தனியின்பம். ஆடியிலே திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பைக் காண விரும்புவோர் இதற்கெனத் தனியொரு நாள் ஒதுக்க வேண்டும்.

புளிச்சாக்குளம், முந்தல், மதுரங்குளி, பாலாவி என்று பெயர்கள் வரவரத் தமிழாகின. பாலாவியைச் சீமெந்து ஆலையாலும் உப்பளங்களாலும் அடையாளங் காணலாம். புத்தளத்தில் இறங்கியபோது மாணவரின் முகத்தில் ஒரு வியப்பு, கடைத்தெருவெங்கும் தமிழோசை. இவ்வூர் முஸ்லிம்களின் மொழி தமிழே. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் இங்கு வந்தே குடிசையமைத்தனர். தேநீர்க்கடை முதியவர் தம் ஊர் மன்னார் என்றார். இங்கு வந்து எத்தனை ஆண்டு என்று கேட்டதற்கு, "வந்தபோது மூத்த மகளுக்கு நாலு வயது, இப்போது அவளுடைய மகள் கம்பஸ் போகிறாள்" என்று மட்டும் சொல்லி, எங்களிடம் பணம் வாங்க மறுத்துவிட்டார். தமிழர் என்ற முறையில் அந்தத் தேநீர் எனக்கு எளிதில் இறங்கவில்லை.

1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ யாத்திரிகர் இபின் பதூதா கரையேறிய 'பத்தாலா' இப்புத்தளமே என்பர். ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்துப் பாவாத மலைக்கு வழியனுப்பினான். களப்புக்கு அப்பால் தெரியும் கற்பிட்டியோ 1807இற் சைமன் காசிச்செட்டி பிறந்த ஊர். தமிழ்ப் புலவர் சரிதங்களை 1859இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டவர் அவர்.

புறப்படுமுன் நிலையத்தில் நேரம் விசாரித்தல் அவசியம். வண்டிகள் சிலவே; 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வாச் சூறாவளி நாட்டின் இருப்புப் பாதைகள் பலவற்றைச் சிதைத்ததையும் மறத்தலாகாது. கட்டுச்சோறும் தண்ணீரும் கொண்டு செல்க. நாங்கள் களப்பங்கரையில் அதிக நேரம் நின்றுவிட்டபடியால் வண்டியைத் தவறவிட்டு, பேருந்தில் நின்றபடியே சிலாபம் வரை வந்து சேர்ந்தோம்.