கற்றூணும் கோப்புகளும்

செவ்வாய், வெள்ளி மாலைகளில் நம் இல்லங்களில் செபமாலை சொல்லும்போது, நம் ஆண்டவர் கற்றூணில் கட்டுண்டு அடிபட்டதைத் துயர மறையுண்மைகளுள் இரண்டாவதாகத் தியானிக்கிறோம். அவரிடம் குற்றம் ஒன்றும் காணவில்லை என்று தன் வாயாலேயே அறிவித்த பிலாத்துதான் அந்தக் கசையடிக்கும் ஆணையிட்டான். ஆட்சியின் கையில் அகப்பட்டவனை அடிப்பது அத்துணைப் பழைய வழக்கம். திருச்சபையின் வரலாறும் இதில் கறைபடாதது அன்று. திரிபுக் கொள்கையினரை விசாரிக்கையில் வதைக்கலாம் என்று திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் 1252-இல் அனுமதி அளித்தார். உடலையும் உள்ளத்தையும் வதைப்பது படைத்தவருக்கே இழிவு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கூறும் முன் எழுநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

உலக நாடுகளின் சட்டமும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் விழித்துக்கொண்டது. 1948 டிசம்பர் 10-இல் ஐ.நா. பொதுப்பேரவை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 5-ஆம் பிரிவு, எவரையும் சித்திரவதை செய்யலாகாது என்கிறது. 1984-இல் அதே நாளில் ஏற்கப்பட்ட சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கை 1987 ஜூன் 26-இல் நடைமுறைக்கு வந்தது. பேச்சுரிமை போன்றவற்றை நெருக்கடிக் காலத்தில் அரசு ஓரளவு கட்டுப்படுத்தலாம். இந்தத் தடைக்கோ விலக்கே கிடையாது. போர் என்றோ, உள்நாட்டுக் கலகம் என்றோ காரணம் காட்ட இயலாது. மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிந்தேன் என்னும் சமாதானமும் செல்லாது. (நம் நாடு 1997-இல் இதில் கையொப்பமிட்டது, இன்னும் உறுதி செய்யவில்லை.) "குண்டு எங்கே இருக்கிறது என்று அறிய நாலு அடி அடித்தால் என்ன?" என்று கேட்கும் நல்லவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. வலி தாளாதவன் அடிப்பவன் விரும்புவதையெல்லாம் சொல்வான். அவ்வாறு பெற்ற வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்றும் அவ்வுடன்படிக்கை விதிக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று கேட்பீர்கள். தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டைச் சற்று நோக்குவோம்.

1973 செப்டம்பர் 11-இல் தளபதி பினோசெட் அங்கே ஆட்சியைக் கைப்பற்றினார். பல்லாயிரவர் சிறைப்பட்டனர், இரகசியப் போலீசாரின் மறைவிடங்களில் வதைபட்டனர். ஷீலா காசிடி என்னும் ஆங்கிலேய மருத்துவர், ஒரு குருவானவரின் வேண்டுகோளுக்கு இணங்கிக் காயமுற்ற கிளர்ச்சியாளர் ஒருவருக்கு மருந்திட்டார். அதற்காக 1975 நவம்பரில் அவரைப் பிடித்துச் சென்று மின்சாரத்தால் வதைத்தனர். இத்தகைய செய்திகளே 1975 டிசம்பரில் ஐ.நா. சித்திரவதைக்கு எதிராகத் தனிப் பிரகடனம் வெளியிடப் பெருந்தூண்டுதலாயின.

சாந்தியாகோவின் பேராயர் கர்தினால் சில்வா என்ரிக்கேஸ், நமக்கு நன்கு அறிமுகமான சலேசிய சபையைச் சேர்ந்தவர். 1976 சனவரியில் அவர் தம் பேராலயத்தை அடுத்து ஒருமைப்பாட்டுப் பணியகம் ஒன்றை நிறுவினார். தாய்மாரும் மனைவிமாரும் அங்கே வந்து வரிசையில் நின்றனர். பிடித்துச் சென்ற நாள், நேரம், வண்டி, விடுதலையான பின் உடலில் கண்ட காயங்கள் எனச் சொன்னவை யாவும் எழுதப்பட்டன. வழக்கறிஞர்கள் ஆயிரக்கணக்கான ஆட்கொணர்வு மனுக்களை நீதிமன்றங்களில் கொடுத்தனர், ஏற்கப்பட்டவை ஒருசிலவே. தோற்கும் என்று தெரிந்தே மனு எழுதியவர்களின் பொறுமையை எண்ணி நாம் வியக்கிறோம். 1980 டிசம்பரில் ஆயர்கள் எழுவர், வதைப்போரும் அதற்கு ஆணையிடுவோரும் திருச்சபைக்குப் புறம்பாவர் என்று அறிவித்தனர்.

1983 நவம்பரில் செபஸ்தியான் அசெவேதோ என்னும் தொழிலாளியின் மகனையும் மகளையும் இரகசியப் போலீசார் கொண்டுபோயினர். எங்குத் தேடியும் விடை கிடைக்காத அத்தந்தை, கொன்செப்சியோன் பேராலயத்தின் முன் தமக்கே தீயிட்டுக்கொண்டு அன்றே மாண்டார். அச்செயலை நாம் போற்றுவதற்கில்லை. அவரைக் குறைகூறவும் நமக்கு நா எழவில்லை. சேசு சபைக் குரு அல்துனாத்தே முதலியோர் நடத்திய சித்திரவதை எதிர்ப்பு இயக்கம் அவர் பெயரையே தாங்கிற்று. அவ்வியக்கத்தார் வதைக்கூடங்களின் வாயிலிலேயே, "இங்கே வதைக்கிறார்கள்" என்று எழுதிய துணியை விரித்துப் பிடித்தனர்.

1998 அக்டோபரில் பினோசெட் இலண்டனில் கைதானார். முன்னாள் நாட்டுத் தலைவர் என்பதால் சித்திரவதைக் குற்றத்தினின்று தப்ப இயலாது என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை நீதிபதிகள் 1999 மார்ச் 24-இல் தீர்ப்பளித்தனர். அதற்கு அடிப்படையாய் நின்றது மேற்சொன்ன உடன்படிக்கையே. ஆனால் அது பிரிட்டனையும் பிணைத்த 1988 டிசம்பருக்குப் பிந்திய குற்றங்களே கணக்கில் கொள்ளப்பட்டன; கொடுமை உச்சத்திலிருந்த தொடக்க ஆண்டுகள் விடுபட்டன. இந்த நுணுக்கம் நமக்கு உவப்பாயில்லை. உடல்நலக்குறைவைக் காட்டி 2000-இல் ஊர் திரும்பிய அவர், எத்தண்டனையும் பெறாமலே 2006 டிசம்பர் 10-இல், மனித உரிமை நாளன்று, இறந்தார்.

ஒருமைப்பாட்டுப் பணியகத்தின் தலைவராய் இருந்த ஆயர் வாலெக்கின் தலைமையில் சிலி அரசு பின்னர் ஓர் ஆணையம் அமைத்தது. 2004-இல் அது 27,000-க்கு மேற்பட்டோரைப் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றது. பணியகம் 1992-இல் மூடப்பட்டது. கோப்புகளை மறைமாவட்டம் காத்து வைத்தது. அன்று மனுக்களைத் தள்ளிய அதே நாட்டின் நீதிமன்றங்கள் பிற்காலத்தில் அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தன.