படலையைத் திறந்து எண்ண வேண்டிய நோய்

யாழ் போதனா வைத்தியசாலையின் கிளினிக்கில் கொப்பியோடு காத்திருப்பவர்களை எண்ணிவிடலாம். அங்கு வராதவர்களை யார் எண்ணுவது? நெடுந்தீவில் பாரிசவாதம் வந்து கிடக்கும் முதியவர் குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். வலிப்புள்ள பெண்பிள்ளையைக் கலியாணம் முடியும்வரை மறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அம்மம்மாவின் மறதியை 'வயது போனால் அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். பதிவேட்டில் இருப்பது வந்து சேர முடிந்தவர்களின் கணக்கு மட்டுமே. ஆகவே குடாநாட்டுக்கென்று வீடு வீடாக ஒரு நரம்பு நோய்க் கணக்கெடுப்பு வேண்டும் என்கிறோம்.

இலங்கையில் நாம் எடுத்துக்காட்டும் எண்கள் வேறு மாவட்டங்களுடையவை. கண்டியில் வலிப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 9; கொழும்பில் பாரிசவாதம் ஆயிரம் வயதுவந்தோருக்கு ஏறத்தாழ 10; றாகமையில் 65 வயது கடந்தோரில் மறதிநோய் நூற்றுக்கு 4. நல்ல ஆய்வுகள்தான். ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் தனியேயும் இருக்கிற, ஷெல்லடியில் தலைக்காயம் பட்டவர்கள் வாழ்கிற மாவட்டத்துக்கு அவை அப்படியே பொருந்துமா? பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனம் 1,02,557 பேரிடையே நடத்தி 2004 இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நரம்பு நோயுள்ளோர் இலட்சத்துக்கு நகரில் 2,190, கிராமத்தில் 4,070. நகரத்து எண்ணை நம்பித் திட்டம் போட்டிருந்தால் கிராமத்து நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் விடுபட்டிருப்பார்கள்.

உலக நோய்ச்சுமை ஆய்வு இலங்கைக்கும் எண் தருகிறதே என்பார்கள். நேரடித் தரவு குறைந்த இடத்தைக் கணித மாதிரியால் நிரப்பும் மதிப்பீடு அது. சாவகச்சேரிக்கு எத்தனை பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று அது சொல்லாது. மருந்துக்கே பணமில்லாதபோது எண்ணுவதற்கா செலவு என்ற கேள்விதான் கனமானது. 2022 இன் தட்டுப்பாட்டைக் கண்டவர்கள் அப்படிக் கேட்பது நியாயம். ஆனால் தொகை தெரியாமல் போடும் மருந்துக் கட்டளைதான் பற்றாக்குறையில் முடிகிறது. தேடிப் போனால் காரணமும் அகப்படும். 1977-78 இல் 20 தமிழ் இளம்பெண்களுக்குக் கைகால் நரம்புகள் சோர்ந்தன. அவர்கள் என்ன உட்கொண்டார்கள் என்று விசாரித்ததில், பூப்பெய்தியபின் குடிக்கக் கொடுத்த நல்லெண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற் என்ற நஞ்சு கலந்திருந்தது தெரிந்தது. ஆய்வாளர்கள் சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் அதை 1981 இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இந்தக் கணக்கெடுப்புக்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. மாவட்டத்தின் 435 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் சிலவற்றைக் குலுக்கி எடுக்கலாம். நினைவிழந்து விழுந்ததுண்டா, கை நடுங்குகிறதா, முகம் கோணியதா என்று பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டில் கேட்கலாம். ஆம் என்றவர்களை நரம்பியல் நிபுணர் பரிசோதிக்கலாம். 1978 முதல் இயங்கும் யாழ் மருத்துவ பீடம் முன்னிற்க, மாகாண சுகாதாரத் திணைக்களம் ஆளும் வாகனமும் தரட்டும். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: கேள்விக்கொத்தோடு ஒருவர் படலையைத் திறந்து வரும் நாளில், உள்ளறையில் இருக்கும் பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள்.