கூட்டுப் பட்டுவாடா நிலையங்கள்

நகரங்களில் வீடு தேடி வரும் பார்சல்கள் மிகப் பெருகிவிட்டன. ஒரே தெருவிற்கு ஒரே முற்பகலில் ஐந்து நிறுவனங்களின் ஆட்கள் ஐந்து வண்டிகளில் வருவதும், நடைபாதையோரத்தில் பையை அவிழ்த்துப் பார்சல்களைப் பிரித்து அடுக்குவதும் இன்று எங்கும் காணும் காட்சி. இதற்கு மாற்றாக, பல நிறுவனங்கள் ஒருங்கே பயன்படுத்தும் கூட்டுப் பட்டுவாடா நிலையங்களை நகரின் பகுதிதோறும் அமைக்கலாம் என்னும் கருத்து வலுப்பெற்று வருகிறது. கருத்து நல்லதே. ஆயினும், எதனைக் கூட்டாகச் செய்வது என்பதைத் தெளிவுபடுத்தாமல் நிலையங்களை மட்டும் கட்டுவதால் செலவிற்கேற்ற பயன் கிட்டாது.

இதனை அளந்து பார்க்க இந்தியப் புள்ளியியலிலேயே ஒரு கருவி உண்டு. வங்காளத்தில் சணல் விளையும் பரப்பை மாதிரி அளவீட்டால் கணிக்க முற்பட்ட பி. சி. மகலனோபிஸ், அளவீட்டாளர்கள் இடத்திற்கு இடம் செல்லும் தூரத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்தார். ஒரு பரப்பில் சிதறிக் கிடக்கும் இடங்களைச் சுற்றிவரும் தூரம் அவ்விடங்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. ஏறத்தாழ அதன் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே வளர்கிறது என்பது 1940-இல் வெளியான அவரது கட்டுரையில் காணப்படும். 1959-இல் பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி ஆகிய கணித அறிஞர் மூவர் இவ்வுறவைத் தேற்றமாக நிறுவினர். இடங்களின் எண்ணிக்கையைப் பரப்பால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதனை 0.71-ஆல் பெருக்கினால் மிகக் குறுகிய சுற்றின் நீளம் ஏறத்தாழக் கிடைக்கும்.

நான்கு சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு வட்டாரத்தில் ஐந்து நிறுவனங்கள் தலைக்கு நூறு வீடுகளுக்குப் பார்சல் தருகின்றன எனக் கொள்ளலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் ஆளும் வட்டாரம் முழுவதையும் சுற்ற வேண்டும். ஒருவரின் சுற்று 14 கிலோமீட்டர், ஐவருக்கும் சேர்த்து 71 கிலோமீட்டர். ஐந்நூறு பார்சல்களையும் ஒன்றாகக் கலந்து, வட்டாரத்தை ஐந்து கூறுகளாக்கி, கூறுக்கு ஒருவர் என அனுப்பினாலோ, ஒருவருக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் 32 கிலோமீட்டர். ஆட்களும் பார்சல்களும் அவையே. தூரம் பாதிக்கும் குறைகிறது. தெருக்கள் வளைந்து செல்வதால் உண்மைத் தூரம் இரண்டு முறையிலும் இதனினும் மிகும். விகிதம் பெரிதும் மாறாது. வாசலில் காத்திருக்கும் நேரத்தை இக்கணக்கு தொடவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இந்த ஆதாயம் முழுவதும் சுற்றைப் பகிர்வதால் வருவது. கூரையைப் பகிர்வதால் வருவதன்று. பெர்லின் நகரில் 2018-இல் ஓராண்டுச் சோதனையாக ஐந்து பெரிய பார்சல் நிறுவனங்கள் ஒரே முற்றத்தில் தனித்தனிக் கொள்கலன்களை வைத்து, அங்கிருந்து சுமை மிதிவண்டிகளில் பட்டுவாடா செய்தன. வேன்களின் நடமாட்டம் குறைய அது வழி காட்டியது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் பார்சலைத் தானே கொண்டு சென்றது. எனவே மேற்கூறிய 71, 32 ஆகவில்லை. மாறாக, ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரத்துத் தென்ஜின் கடைவீதியில் 1978 முதல் பல சரக்குந்து நிறுவனங்களின் சரக்குகளை ஒன்று சேர்த்துப் பொதுவாகவே பட்டுவாடா செய்யும் முறை தொடங்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. மும்பையின் டப்பாவாலாக்கள் 1890 முதல் செய்து வருவது இதுவே. டப்பாவைப் பெறுபவர் ஒருவர். ரயில் நிலையத்தில் குறியீட்டைப் பார்த்து அது கைமாறுகிறது. அலுவலகத்தில் சேர்ப்பவர் வேறொருவர்.

நிறுவனங்கள் இதற்கு எளிதில் இசையமாட்டா. வாடிக்கையாளர் பட்டியல் போட்டியாளர் கைக்குப் போகும் என்பது ஓர் அச்சம். பார்சல் தொலைந்தால் யார் பொறுப்பு, வாசலில் பெறும் பணம் யாருடையது என்பன அடுத்த வினாக்கள். கடைசி வினாவிற்கு விடை பழையது. யாரோ ஒரு வணிகருக்காகத் தபால்காரர் வீட்டு வாசலில் பணம் பெற்று அவருக்கே சேர்ப்பிக்கும் வி.பி.பி. முறை 1877-இல் தொடங்கியது. ஏனையவற்றிற்கு, எந்த நிறுவனத்தையும் சாராத ஒருவர் நிலையத்தை நடத்துவதே வழி. தபால் துறை நம்பிக்கைக்குரியது. ஆனால் அதுவும் பார்சல் சுமந்து போட்டியிடுகிறது. ஆதலின் இடம் எவருடையதாயினும், நிர்வாகம் நகராட்சியின் உரிமம் பெற்ற தனி அமைப்பிடம் இருப்பதே தகும்.

அடுத்தது இடம். நகரின் விளிம்பில் நிலம் மலிவு என்று நிலையத்தை அங்கே கொண்டுபோவது பெரும் பிழை. இருசக்கர வண்டி ஒரு தடவையில் சுமப்பது சிறிதே. ஐந்து கிலோமீட்டர் அப்பாலுள்ள நிலையத்திற்கு நாளில் மூன்று முறை போய்வந்தால் முப்பது கிலோமீட்டர். சுற்றில் மிச்சப்பட்டது வழியிலேயே கரைந்துவிடும். வட்டாரத்தினுள்ளே நிலம் வாங்க எவராலும் இயலாது. தபால் நிலைய முற்றம், நகராட்சிச் சந்தை, மெட்ரோ நிலைய வண்டி நிறுத்துமிடம் போன்ற, சில மணி நேரம் வெறிதே கிடக்கும் பொது இடங்களே எஞ்சுகின்றன. பல நகரங்களில் பகலில் லாரிகளுக்குத் தடையுள்ளதால் சரக்கு இரவில் வந்திறங்குவதும் இவற்றிற்குப் பொருந்தும். ஐரோப்பாவில் 1990-களில் தோன்றிய கூட்டுச் சரக்கு நிலையங்கள் பல, அரசு மானியம் நின்றதும் மூடப்பட்டதை எண்ணினால், வாடகைச் சுமை குறைவாயிருப்பதன் இன்றியமையாமை விளங்கும்.

மின்வண்டிகளே போதும் என்போரும் உளர். பட்டுவாடா வண்டிகள் அனைத்தும் 2030 ஏப்ரலுக்குள் மின்வண்டிகளாக வேண்டும் என்று தில்லி அரசு 2023-இல் விதித்த விதி வரவேற்கத்தக்கது. புகை குறையும், நெரிசல் குறையாது.

எந்த நகரமும் கட்டடத்திற்கு முன் கணக்கை எடுத்தல் வேண்டும். களப்பணியாளர் ஒரு வாரம் ஒரு வட்டாரத்தில் எத்தனை நிறுவனங்களின் ஆட்கள், எந்த மணிக்கு, எத்தனை வாசல்களில் நின்றார்கள் எனக் குறித்தாலே மேற்சொன்ன கணக்கிற்கு வேண்டிய எண்கள் கிடைத்துவிடும். ஆசிரியர்கள் உயர்நிலை வகுப்பில் வர்க்கமூலம் கற்பிக்கையில் மாணவரைக் கொண்டு தம் பள்ளித் தெருவில் இதனைச் செய்விக்கலாம். பெயர், வீட்டு எண் முதலியவை தேவையில்லை. பின்கோடு, தெரு, நேரம், எண்ணிக்கை போதும். பட்டுவாடா செய்பவர் இப்பொழுது எங்கே தண்ணீர் குடிக்கிறார், கழிப்பறைக்கு எங்கே செல்கிறார் என்பதையும் அதே தாளில் ஒரு பத்தியாகச் சேர்த்தல் நலம். நிலையத்தின் வரைபடத்தில் அவ்விரண்டிற்கும் இடம் ஒதுக்க அப்பத்தியே சான்றாகும்.